புட்டு அவிகிற நேரத்தில் ஒரு கட்டா

கிளினிக்குக்குப் பிள்ளையை நிறை பார்க்கக் கொண்டுவரும் தாய்மாரில் யாராவது ஒருவர் நான் கராத்தே பழகுவதைப் பற்றி இதைக் கேட்டுவிடுவார்: "மிஸ், உங்களுக்கு உதுக்கெல்லாம் எங்கால நேரம்?" நான் கண்டாவளைப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்க்க ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போகிற வேலை. கணவர் இரணைமடுக் குளத்து வாய்க்காலை நம்பி வயல் செய்கிறார். மூத்தவன் இந்த முறை சாதாரண தரம், சின்னவளுக்கு ரியூசன், மாமியும் எங்களோடுதான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இதற்குள் கராத்தேயில் மண்ணிறப் பட்டி வரை வந்திருக்கிறேன் என்றால் கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்.

அவர்களுக்குச் சொல்கிறதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் பழகுவது ஷோட்டோகான் என்ற கராத்தே முறை. சிலம்பமோ டைக்வாண்டோவோ பழகுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்று. ஒரு மணித்தியாலம் சும்மா கிடைக்கும், அப்போது தொடங்கலாம் என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வயலும் வேலையும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் அப்படி ஒரு மணித்தியாலம் எந்தக் காலத்திலும் வராது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற ஏதாவது ஒரு வேலையோடு பயிற்சியைக் கட்டிவிட வேண்டும். நான் தொடங்கியதே அப்படித்தான். சின்னவளைக் கராத்தே வகுப்புக்குக் கூட்டிப்போய்விட்டு, முடியும்வரை பாடசாலை மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். "வெளியில இருக்கிற நேரம் உள்ளுக்க வந்து நில்லுங்கோவன்" என்றார் மாஸ்டர். போய்ப் பின்வரிசையில் நின்றேன். பிள்ளையைக் கூட்டிப்போகிற தாய் தகப்பனுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. போக்குவரத்துச் செலவு ஒன்றுதான், நேரமும் ஏற்கெனவே ஒதுக்கிய நேரம்தான். என் பிள்ளைக்கு ஒரு மாதம் வெட்கமாக இருந்தது. அப்புறம் என் கட்டாவில், அதாவது தடுப்பும் அடியும் உதையும் ஒழுங்காகக் கோத்த அசைவு வரிசையில், பிழை பிடிப்பது அவளுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

வருடத்தைப் பிரியுங்கள்

நேரம் ஒதுக்குவது பற்றி யார் சொன்னாலும் கிழமை அட்டவணையில்தான் தொடங்குவார்கள்: திங்கள் இது, செவ்வாய் அது என்று. காலை எட்டரைக்குப் போய் மாலை நாலேகாலுக்கு வருகிறவர்களுக்கு அது சரி. வன்னியில் கிழமையைப் போகம் விழுங்கிவிடும். ஆகவே நான் முதலில் வருடத்தைத்தான் பிரிப்பேன்.

புரட்டாதி, ஐப்பசியில் பெரும்போக விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் மழை. இரணைமடுவின் வான்கதவைத் திறந்தால் கண்டாவளைப் பக்கம் எந்த வீதியில் தண்ணீர் ஏறும் என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த மாதங்களில் டெங்கு வேலையும் சேரும். தையிலும் மாசியிலும் அறுவடை. அறுவடை மெஷினுக்காகக் காத்திருப்பது, நெல்லைப் படங்கில் காயப்போடுவது, மழை இருட்டினால் ஓடிப்போய் மூடுவது என்று வீட்டில் ஒருவருக்கும் நின்று மூச்சுவிட நேரம் இருக்காது. இவையெல்லாம் இறுக்கமான மாதங்கள். இவற்றில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. தெரிந்த கட்டாவை மறக்காமல் வைத்திருந்தால் போதும்.

அறுவடை முடிந்து நெல்லும் விற்றபின் பங்குனி, சித்திரையில் கொஞ்சம் இளக்கம் வரும். பிறகு சிறுபோகம். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதைப் பார்த்துக் கூட்டம் வைத்துத்தான் எவ்வளவு காணி விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். உங்கள் பங்குக்குக் குறைய விழுந்தால் கவலைதான். ஆனால் பழகுகிறவர்களுக்கு ஆனியும் ஆடியும் அப்படியே கையில் விழும். புதுக் கட்டா, பட்டிப் பரீட்சை, குமித்தே என்ற சண்டைப் பயிற்சி எல்லாவற்றையும் நான் அந்த மாதங்களுக்குத்தான் வைத்திருக்கிறேன்.

இடையில் கோவில்கள் வரும். பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். விரதம் பிடிக்கிறவர்கள் அந்த நாட்களை ஓய்வு நாட்களாகவே எழுதிவையுங்கள். வெறும் வயிற்றோடு உதைப் பயிற்சி செய்து தலைசுற்றி விழுந்தால் அம்மனும் பொறுப்பில்லை, மாஸ்டரும் பொறுப்பில்லை. பிள்ளைகளின் சோதனை மாதங்களையும் குறியுங்கள். சுவர்க் கலண்டரில் இறுக்கமான மாதங்களுக்குச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டாலே போதும், தனிக் கொப்பி தேவையில்லை.

இறுக்கமான மாதத்தில் கொஞ்சம் விட்டால் எல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று கிழமை விட்டால் முதலில் குறைவது மூச்சு. மண்டபத்தை இரண்டு சுற்று ஓடினாலே இளைக்கும். கை கால் பழகிய அசைவு அவ்வளவு சுறுக்காகப் போகாது. மூச்சை ஒரு மாதத்தில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

கிழமையில் ஒரு நாள்

கிழமைக்கு ஒரேயொரு வகுப்பு நாள். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று வகுப்பு என்று ஆசையோடு பெயர் கொடுத்துவிட்டு ஒன்றுக்கும் போகாமல் இருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். என் கிளினிக் நாள் எல்லாருக்கும் தெரியும், அன்றைக்கு யாரும் என்னைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். வகுப்பு நாளையும் அதேபோல வீட்டுக்கும் சொந்தக்காரருக்கும் தெரிய வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்றைக்குப் போவதா விடுவதா என்ற கதையே வீட்டில் எழாது.

உடுப்புப் பை முதல் நாளே ஸ்கூட்டி இருக்கைக்குக் கீழே போய்விட வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, உடுப்பு எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான். வீட்டுக்குள் கால் வைத்தால் யாராவது ஒரு வேலையோடு நிற்பார்கள். மார்கழியில் அந்த வெள்ளை உடுப்பு இரண்டு நாளானாலும் காயாது. மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ரீசேட்டோடு நில்லுங்கள், உடுப்புக் காயவில்லை என்று வகுப்பை விடாதீர்கள். முரசுமோட்டை, பரந்தன் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தால் ஒரு ஓட்டோ பிடிக்கலாம். பெண்பிள்ளைகளை இருட்டில் தனியே அனுப்பமாட்டோம் என்று சொல்லும் வீட்டுக்கும் அது பதிலாக இருக்கும்.

வீட்டில் உள்ளவர்களைச் சம்மதிக்க வைப்பது வேறு கதை. மாமி என்னைக் கேட்டார்: "பிள்ளை, இந்த வயசில கால் கையைத் தூக்கி என்னத்தைக் காணப்போறாய்?" நான் அவரோடு வாதாடவில்லை. போர்க்காலத்தில் பிள்ளை வளர்த்த தாய்மாருக்கு, பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரே குரலில் கத்துவதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். அந்தப் பயம் இந்த மண்ணில் பகிடி பண்ணுகிற விசயம் இல்லை. ஒரு நாள் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதிரையில் இருந்து பார்த்தார். ஆறு வயதுக் குஞ்சுகள் பட்டியைக் கட்டத் தெரியாமல் நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வகுப்பு நாளில் இரவுச் சாப்பாடு அவர் பொறுப்பு. பதிலுக்கு அவருடைய மாதாந்த ஆஸ்பத்திரி நாளை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். கணவரோடும் இப்படித்தான்: ஆனி, ஆடியில் வீட்டை அவர் கூடுதலாகப் பார்ப்பார், அறுவடை மாதங்களில் நான் வகுப்பைக் குறைத்துக்கொள்வேன். மாற்றிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் நேரம் மட்டும் கேட்டால் எந்த வீட்டிலும் கிடைக்காது.

நாளுக்குள் பத்து நிமிடம்

ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் முறிவதைவிட, அதே நேரத்தைச் சிறு சிறு துண்டாக நாளாந்தம் செய்தால் உடம்பு அசைவை நன்றாகப் பிடிக்கும். கராத்தேக்கென்று இல்லை, வாத்தியம் பழகுகிற பிள்ளைகளுக்கும் இதுதான் கணக்கு.

என் துண்டு காலையில், புட்டு அவிகிற நேரம். மாவைக் குழைத்துத் தேங்காய்ப்பூப் போட்டு நீத்துப்பெட்டியில் நிரப்பிப் பானை வாயில் வைத்துவிட்டால், மேலே ஆவி வந்து வாசம் பிடிக்கும்வரை அதைத் தொட வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் கைக்கு வேலை இல்லை. எங்கள் குசினி வாசலுக்கும் கிணற்றடிக்கும் இடையில் ஒடுக்கமான ஒரு சீமெந்துத் துண்டு இருக்கிறது. முன்னே பின்னே போக இடமில்லை, பக்கவாட்டில் ஒரு நாலைந்து எட்டு வைக்கலாம். டெக்கி ஷோடானுக்கு அது போதும். அந்தக் கட்டா முழுக்க ஒரே கோட்டில், பக்கவாட்டில்தான் போகும். ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே வைத்து, முழங்காலைத் தூக்கி, கிபா-டாச்சியில் இறங்குவது. தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்குக் கால் விரித்து, முழங்கால் உள்ளே விழாமல் வெளியே தள்ளி, முதுகை நேரே வைத்து இருக்கிற நிலை அது. முதல் தடவை மெதுவாக, இரண்டாவது தடவை கை மட்டும், மூன்றாவது தடவை முழு வேகம். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்கூடப் போகாது. தொடை எரியத் தொடங்கும்போது ஆவி வந்திருக்கும். முதல் புட்டை இறக்கிக் கொட்டிவிட்டு அடுத்ததை நிரப்பினால் இன்னொரு முறை செய்யலாம். எங்கள் வீட்டில் ஐந்து பேர் சாப்பாடு என்பதால் எனக்குத் தடவைகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஷோட்டோகானின் மூலவர் கிச்சின் புனாகோஷி பகலில் பள்ளிக்கூட ஆசிரியர். 1868இல் ஒகினாவாவில் பிறந்தவர். வேலை முடிந்து இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஆசான் அசாட்டோவின் வீட்டுக்கு நடந்துபோய், முற்றத்தில் ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்வாராம். டெக்கி கட்டாக்கள் மூன்றையும் சரியாகப் படிக்கப் பத்து வருடம் எடுத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். இரவிரவாக எங்கே போகிறார் என்று அயல்சனம் வேறுவிதமாகவும் கதைத்ததாம். நேரமில்லை என்று புலம்புகிறவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன். நிறையக் கட்டா தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டால் நேரப் பிரச்சினை பாதி குறைந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டெக்கி வராது. உங்களுக்கு ஹெயான் ஷோடான். 21 அசைவுகள். ஒகினாவாப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இட்டோசு என்ற ஆசான் அமைத்த ஐந்து கட்டாக்களில் முதலாவதாக இப்போது படிப்பிக்கப்படுவது, அதனால் நீளமும் இல்லை. முழுவதையும் செய்ய முற்றம் வேண்டும். முற்றம் இல்லாத நாளில் துண்டாக்குங்கள். இந்தக் கிழமை முதல் திரும்பலும் கெடான்-பராய் என்ற கீழ்தடுப்பும் மட்டும். அடுத்த கிழமை நடுவில் வரும் மூன்று மேல்தடுப்பு. ஒரு கிழமைக்கு ஒரு துண்டு, அதற்கு மேல் வேண்டாம்.

மற்றத் துண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, பாதி நேரம் வலது, பாதி நேரம் இடது. தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டார் போட்டிருக்கும்போது விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு மாயே-கெரி என்ற முன் உதை: முழங்காலைத் தூக்கு, உதை, மடக்கு, வை. நாலையும் தனித்தனியாக, நத்தை வேகத்தில். வேகமாக உதைக்கும்போது ஒளிந்திருக்கும் பிழையெல்லாம் அதில் அம்பிடும். படுக்கப்போகுமுன் காலை நீட்டி மடக்கி நரம்பு இளக்குவது, உடம்பு சூடாக இருக்கும்போது இதைச் செய்தால் நல்லது. கிளினிக்கில் தடுப்பூசிப் பெட்டி வரும்வரை கண்ணை மூடிக் கட்டாவை மனதுக்குள் ஓடவிடுவேன். எங்கே தடக்குகிறதோ அங்கேதான் உடம்புக்கும் தெரியாது. ஸ்கூட்டி ஓடும்போது இதைச் செய்யாதீர்கள், பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதியில் நெல் காயவிடும் காலத்தில் கண் வீதியில்தான் இருக்க வேண்டும்.

இருட்டும் வெயிலும்

சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குப் பிறகு முற்றத்தில் பழகுவது தண்டனை. விடியமுன் அல்லது பொழுது சாயும்போது. ஆனால் விடியமுன் என்றால் பாம்பு. எங்கள் பக்கம் கண்ணாடிப் புடையனும் சுருட்டையும் தாராளம், கராத்தேயோ வெறுங்காலோடு. முதலில் லைற்றைப் போடுங்கள், பிறகு நீட்டுப் பிடித் தும்புத்தடியால் சத்தம் வரக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றுங்கள். விறகுக் கட்டு, ஓலைக் குவியல், நெல்மூட்டை இவற்றிலிருந்து தள்ளி நில்லுங்கள். எலி வருகிற இடத்துக்குத்தான் பாம்பும் வரும். கடி விழுந்தால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரம் எல்லாம் வேண்டாம். அசையாமல் இருத்தி நேரே ஆஸ்பத்திரி. ஓடப் பழகுகிறவர்கள் தெரிந்த வீதியிலும் வாய்க்கால் கரையிலும் ஓடுங்கள். மிதிவெடிப் பலகை நிற்கிற பற்றைக்குள் குறுக்குவழி தேட வேண்டாம்.

தண்ணீரைத் தாகம் வரமுன் குடியுங்கள். வேர்த்து ஊற்றிய பிறகு பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்பும் வெங்காயமும் போட்டுக் குடித்தால் எந்தப் போத்தல் பானமும் தேவையில்லை.

செய்யக்கூடாத நாட்கள்

நாள் முழுக்கக் களை பிடுங்கிய முதுகோடு, மூட்டை தூக்கிய தோளோடு உதையும் குமித்தேயும் வேண்டாம். உடம்பு ஏற்கெனவே வேலை செய்துவிட்டது. அன்றைக்குக் கையால் செய்கிற அடிப்படைத் தடுப்புகள், அல்லது மனதுக்குள் ஒரு கட்டா. இரவுக் கடமையோ பிள்ளைக் காய்ச்சலோ என்று தூங்காமல் வந்த நாளிலும் அப்படித்தான். களைத்த காலோடு சண்டைப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்குத்தான் கணுக்கால் பிரளும். நாற்பது தாண்டியவர்கள் தொடங்குமுன் ஆஸ்பத்திரியில் பிரஷரும் சுகரும் ஒருமுறை பாருங்கள். கிழமைக்கு 150 நிமிட மிதமான உடல் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு வகுப்பும் நாளுக்குப் பத்து நிமிடமும் சேர்ந்தால் அதற்குக் கிட்ட வந்துவிடும், வயலுக்கு நடக்கிறது மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளை பெற்றவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு கிழமை நடை போதும். அதற்குப் பிறகு கிளினிக்கில் காட்டிவிட்டு, கை அசைவுகளிலும் நிலைகளிலும் தொடங்குங்கள். சிறுநீர் கசிவு இருந்தால் துள்ளுவதும் உதைப்பதும் பிந்தட்டும், வெட்கப்படாமல் உங்கள் பகுதி மிஸ்ஸிடம் சொல்லுங்கள், இடுப்புத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது. சத்திரசிகிச்சை செய்து பிறந்த பிள்ளை என்றால் டொக்டர் சொல்லும்வரை பொறுங்கள். பால் கொடுக்கிறவர்கள் வகுப்புக்கு முன் பால் கொடுத்துவிட்டுப் போனால் உங்களுக்கும் இலேசு, பிள்ளையும் அழாது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்கள், உங்கள் பட்டி நிறத்துக்குரிய வரிசையில் நிற்க வெட்கமாக இருந்தால் மாஸ்டரிடம் கேட்டுப் பின்னால் நில்லுங்கள். முதல் இரண்டு வகுப்பில் எல்லாவற்றையும் பாதி வலுவில் செய்யுங்கள். ஆர்வத்தில் முறிந்தால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஸ்கூட்டியில் ஏறவே கால் விடாது. பட்டிப் பரீட்சைத் திகதி அறுவடையோடு முட்டினால் அறிவித்த உடனேயே சொல்லி அடுத்த முறைக்கு மாறிக்கொள்ளுங்கள், காசு கட்டிய பிறகு சொன்னால் திரும்பக் கிடைக்குமா என்பது மாஸ்டரின் மனநிலையைப் பொறுத்தது.